மஞ்சளுக்கும் சட்டம் வேண்டும்

"செடியில் இருந்து எடுத்த நிறம். பாட்டி காலத்தில் இருந்து பூசுவது. வீட்டு அடுப்படியில் நாலு பெண்கள் சேர்ந்து செய்வது. இதற்கெல்லாமா சட்டம்?" ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நுவரெலியா என்று மலையகத்தில் எங்கே சவர்க்காரம் செய்து விற்பது பற்றிப் பேச்செடுத்தாலும் இது வந்து விழும். பயிற்சி கொடுக்க வருபவரும் இதையே சொல்கிறார், கண்காட்சியைத் திறந்துவைப்பவரும் சொல்கிறார், வாங்குகிறவரும் சொல்கிறார். மறுத்துப் பேசினால், ஏழைப் பெண்களின் பிழைப்பில் மண்ணைப் போடுகிறவர் என்ற பட்டம் கிடைக்கும். கிடைக்கட்டும். வீட்டில் செய்து விற்கும் சவர்க்காரத்துக்கும் பூச்சுகளுக்கும் இடுகிற தாவர நிறங்களுக்கு எழுத்தில் விதி வேண்டும் என்பதே என் கட்சி. அந்த விதி முதலில் காப்பாற்றப்போவது செய்து விற்கிற பெண்ணைத்தான்.

எதிர்த்தரப்பின் அச்சம் எனக்கு விளங்காமல் இல்லை. தோட்டத் தொழிலாளிக்கு 2024-இல் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். கொழுந்தின் நிறுவை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். அப்படிப்பட்ட வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஊற்றிவைக்கும் சவர்க்காரக் கட்டிகள் பிள்ளையின் டியூஷன் காசாகவும் பஸ் காசாகவும் மாறுகின்றன. அந்த அடுப்படி வாசலில் ஓர் அதிகாரி படிவத்தோடு வந்து நின்றால் என்ன நடக்கும் என்பதைத் தோட்டத்துச் சனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அது கெட்ட விதியைப் பற்றிய அச்சம். கெட்ட விதி வரும் என்று பயந்து, விதியே வேண்டாம் என்று சொல்வது வேறு கதை.

முதலில் அடுப்படிக்கே போவோம். தேங்காயெண்ணெயில் கோஸ்டிக் சோடா கரைத்த நீரை ஊற்றிக் கடைந்தால், கரண்டியால் இழுத்த கோடு மேலே மறையாமல் நிற்கும் பதத்துக்குக் கலவை தடிக்கும். அந்தப் பதத்தில் ஒரு கரண்டி மஞ்சள்தூளைப் போட்டால் உடனே செங்கல் நிறம் ஏறும். தமிழர் வீட்டில் இது அதிசயமே இல்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே வேலைதான் இங்கும் நடக்கிறது: மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். நாலைந்து வாரம் காயவைத்து எடுக்கும்போது அந்தச் சிவப்பு இறங்கிக் கடுகு மஞ்சளுக்கு வந்திருக்கும். ஜன்னல் ஓரத்தில் வைத்த கட்டி வெளிறிப்போயிருக்கும், குர்குமினுக்கு வெளிச்சமும் ஆகாது.

செம்பருத்தி இன்னும் மோசம். அந்தப் பூவின் சிவப்புக்குக் காரணமான அந்தோசயனின் புளிப்பில்தான் சிவப்பாக நிற்கும். சவர்க்காரத்தின் பீஎச் அளவோ 9-க்கும் 10-க்கும் நடுவில். அங்கே போனதும் பச்சை, நீலம் என்று தடுமாறி, கடைசியில் சாம்பல் கலந்த மண்ணிறத்தில் ஒதுங்கிவிடும். பீட்ரூட்டின் சிவப்பும் காரத்திலும் சூட்டிலும் சிதைந்து மண்ணிறமாகும். கரட் ஓரளவு தாக்குப்பிடிக்கும். நம்மூர்த் தேயிலைச் சாயம் ஒன்றுதான் ஏமாற்றுவதில்லை, மண்ணிறமாகப் போய் மண்ணிறமாகவே வரும்.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், தாவர நிறத்துக்கு விதி வேண்டாம் என்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் பேசுவதே இல்லை. வாங்குகிறவர் மனதில் இருக்கும் நிறத்தைச் செடி தராது. ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுக்கு வருகிறவர் முன்னால் இரண்டு செம்பருத்திச் சவர்க்காரங்களை வையுங்கள். ஒன்று மண்ணிறம், மற்றது ரோஜா நிறத்தில் பளபளக்கிறது. "அக்கா, இதுதானே ஒரிஜினல்?" என்று பளபளப்பதைத்தான் எடுப்பார். பூவை அரைத்துப் போட்டவளின் கட்டி மேசையிலேயே கிடக்கும். அடுத்த சீசனில் அவளுக்கு இரண்டு வழிதான்: தொழிலை விடுவது, அல்லது ஒரு கலரிங் போத்தல் வாங்குவது. சாப்பாட்டுக் கலரிங் காரத்தில் நிற்காவிட்டால் துணிச்சாயம் வரை போகவும் ஆளிருக்கும். லேபிளில் மட்டும் "செம்பருத்தி" மாறாது.

துணிச்சாயம் என்பது வெறும் மிரட்டல் இல்லை. 2024 பெப்ரவரியில் தமிழ்நாடு பஞ்சு மிட்டாயைத் தடைசெய்தது நினைவிருக்கும். பிள்ளைகள் தின்னும் பண்டத்தில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் இருந்ததுதான் காரணம். இளஞ்சிவப்பை மலிவாகவும் அழுத்தமாகவும் தருவதால் வாயில் போடுகிற பண்டத்துக்கே அதைத் துணிந்து கலந்தார்கள். மேலுக்குப் போடுகிற சவர்க்காரத்துக்கு மட்டும் தயங்குவார்களா? எந்த நிறத்தை இடலாம், இட்டதை எப்படி எழுத வேண்டும் என்று ஒரு விதி இல்லாத சந்தையில், நேர்மையாகச் செய்தவளின் மண்ணிறக் கட்டிக்குச் சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. கலப்படக்காரருக்கு அந்த வெற்றிடமே மூலதனம்.

"சரி, நிறம் எப்படிப் போனாலும் போட்டது மஞ்சள்தானே" என்பார்கள். போட்டது மஞ்சள்தானா? 2019 இறுதியில் இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியது. மறுவருடம் கொரோனா வந்தது, மஞ்சளைத் தேடாத வீடில்லை, கிலோ பல ஆயிரம் ரூபாய்க்கு ஏறியது. இராமேஸ்வரம் பக்கமிருந்து மன்னார்க் கடலில் மூட்டை மூட்டையாக மஞ்சள் கடத்தி வந்ததும், மா கலந்த மஞ்சள்தூள் பிடிபட்டதும் அந்த நாட்களின் செய்திகள். அந்தத் தூள்தான் குழம்புக்கும் போனது, முகப்பூச்சுக்கும் போனது. பொட்டலத்தில் வரும் தூளைப் பார்த்து இது கிழங்கா, மாவா, வேறு பொடியா என்று சொல்லக்கூடிய கண் எந்த அடுப்படியிலும் கிடையாது.

மா கலந்தால் காசுதான் நட்டம். பங்களாதேஷில் கலந்தது அதைவிடப் பொல்லாதது. கிழங்கு பளிச்சென்று தெரிய ஈயக் குரோமேற்று என்ற மஞ்சள் நிறப்பொடியைப் பூசி மெருகேற்றிவந்தார்கள். 2019-இல் சந்தையில் எடுத்த மாதிரிகளில் 47 வீதத்தில் ஈயம் இருந்தது. அரசு விழித்துக்கொண்டது. மொத்த வியாபாரிகளைச் சோதித்தார்கள், தண்டம் விதித்தார்கள், ஊரெங்கும் அறிவித்தார்கள். 2021-இல் எடுத்த மாதிரிகளில் ஈயம் கண்ட மஞ்சள் ஒன்றுகூட இல்லை. இலங்கையைவிட வசதியான நாடு அல்ல அது. விதியை எழுதி, அதைக் கடைத்தெருவில் இறங்கி நடத்தியதால் இரண்டே வருடத்தில் நடந்த காரியம் இது.

தோல் வழியாக ஈயம் அதிகம் உடம்பில் ஏறாது என்பது உண்மைதான். ஆனால் உதட்டில் பூசியது வாய்க்குள் போகும். பிள்ளைக்குப் பூசியது அதன் விரல் வழியாக வயிற்றுக்குப் போகும். பிள்ளைக் காம்பராவில் நாள் முழுக்கக் கையைச் சப்பிக்கொண்டிருக்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். இந்திய விதிகளில் அழகுசாதன நிறங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 20 பங்கையும், ஆர்சனிக் 2 பங்கையும் தாண்டக் கூடாது. அந்த எல்லை செயற்கை நிறத்துக்கு எவ்வளவோ, இயற்கை நிறத்துக்கும் அவ்வளவே. செடி என்பதற்காக அங்கே ஒரு சலுகையும் இல்லை. மண்ணில் முளைத்தது மண்ணில் உள்ளதை எடுக்கும், கடையில் அரைத்தது கடைக்காரர் கலந்ததையும் சேர்த்துக்கொள்ளும்.

செடி என்றாலே கெடுதல் இல்லை என்ற நம்பிக்கைக்குச் சேராங்கொட்டை ஒன்றே போதும். சலவைத் தொழிலாளர் துணியில் குறிபோடப் பாவித்த அழியாத கறுப்பு அது. அசல் தாவர நிறம். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம் போடும். இரண்டாம் உலகப் போரில் இந்தியாவுக்கு வந்த அந்நியச் சிப்பாய்களுக்குக் காரணம் தெரியாமல் தோல் வெந்தபோது, மருத்துவர்கள் தேடிப்போய்ப் பிடித்தது சட்டையில் இருந்த அந்தச் சலவைக் குறியைத்தான்.

மருதோன்றிக்கும் ஒரு கணக்கு உண்டு. இலையை அரைத்துக் கையில் வைத்தால் செம்மஞ்சளாகப் பிடித்து நிதானமாகச் சிவக்கும், அதற்கு ஓர் இரவு வேண்டும். அரை மணியில் கன்னங்கறுப்பாக ஏறும் கோன் வெறும் இலையாக இருக்க முடியாது. அப்படிப்பட்ட கறுப்பு மருதோன்றிகளில் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டது தலைச்சாயத்தில் உள்ள பரா-பீனைலீன்டைஅமீன். ஒருமுறை தோலுக்கு அது ஒவ்வாமல் போனால் ஆயுளுக்கும் ஒவ்வாது, வருடங்கள் கழித்துத் தலைச்சாயம் பூசினாலும் முகம் வீங்கும். கலப்பில்லாத மருதோன்றிகூட எல்லாருக்கும் ஆகாது. ஜி6பிடி என்ற நொதி குறைந்த பச்சைக் குழந்தையின் உடம்பில் அதைப் பூசினால் இரத்த அணுக்கள் உடைந்து கடும் மஞ்சள்காமாலை வரக்கூடும். மருத்துவ ஏடுகளில் பதிவான விடயம் இது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அழகுசாதனங்களில் உலகெங்கும் பாவிக்கும் சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஒட்சைட்டுகள் ஆய்வுகூடத்தில் செய்தவை. அமெரிக்காவில் செயற்கையாகத் தயாரித்ததற்கு மட்டுமே அனுமதி. நிலத்தில் தோண்டியெடுத்த காவிமண்ணில் ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்து வரும் என்பதால் இந்த ஏற்பாடு. இயற்கை வாசலில் நிற்க, செயற்கை உள்ளே போகிறது. ஆகவே செடியா இரசாயனமா என்று கோடு கிழிப்பதில் பயன் இல்லை. என்ன போட்டோம், எங்கிருந்து வந்தது, எவ்வளவு, உடம்பில் எந்த இடத்துக்கு என்ற நாலு கேள்விக்கும் பதில் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கோடு.

அடுத்தது பாட்டி. எந்த விவாதத்திலும் பாட்டியை அழைத்துவந்து நிறுத்தினால் எதிராளி வாயடைத்துப்போவார் என்று ஒரு நம்பிக்கை. பாட்டி என்ன செய்தார்? வீட்டுப் பின்புறம் கிண்டிய கிழங்கைக் கல்லில் உரைத்தார், தன் முகத்தில் பூசினார், அன்றைக்கே கழுவினார். எரிந்தால் மறுநாள் விட்டுவிட்டார். அதைப் போத்தலில் அடைத்து, ஆறு மாதம் தட்டில் வைத்து, முன்பின் தெரியாத ஒருவருக்கு அவர் விற்கவில்லை. நுவரெலியா நகரம் கடல்மட்டத்தில் இருந்து 1868 மீற்றர் உயரத்தில், மூடுபனிக்குள் இருக்கிறது. மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும் ஊரில், தண்ணீரும் பூச்சாறும் கலந்த கிரீமுக்குப் பூஞ்சணம் பிடிக்க எத்தனை நாள் வேண்டும்? உதட்டிலும் கண்ணோரத்திலும் பூசுகிறவருக்கு அந்தப் பூஞ்சணமும் சேர்ந்துதான் போகிறது. அன்றன்றைக்கு அரைத்துப் பூசிய அனுபவம், அடைத்து விற்கும் பண்டத்துக்கு அத்தாட்சி ஆகாது.

கடைசியாக, பலரும் பெரிதாக நம்பும் வாதம்: சட்டம் வந்தால் பெரிய கம்பெனிகளுக்குத்தான் வசதி, சின்னவர்கள் ஒழிந்துபோவார்கள். சட்டம் இல்லாத இப்போது யாருக்கு வசதி என்று பார்ப்போம். இலங்கையின் 1980ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரிலேயே அழகுசாதனம் இருந்தது. 2015ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தபோது மருந்துக்கு ஓர் அத்தியாயம், மருத்துவ உபகரணத்துக்கு ஓர் அத்தியாயம், இரண்டுக்கும் இடைப்பட்ட பண்டங்களுக்கு ஓர் அத்தியாயம் எழுதினார்கள். அழகுசாதனத்துக்கு அப்படி ஓர் அத்தியாயம் இல்லை. மிஞ்சியது பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 2003ஆம் ஆண்டுச் சட்டம். பொதுவாக எல்லாப் பண்டங்களுக்குமான அந்தச் சட்டம் எந்தச் செடியின் நிறத்தை எதில் இடலாம் என்று பேசாது.

இந்த இடைவெளியால் பெரிய கம்பெனிக்கு ஒரு நட்டமும் இல்லை. அதனிடம் சொந்த ஆய்வுகூடம் இருக்கிறது, விளம்பரத்தால் வளர்த்த பெயர் இருக்கிறது, ஏற்றுமதிக்கென்று வெளிநாட்டு விதியைப் படித்த ஆள் இருக்கிறது. இலாபம் அடைவது "மூலிகை" என்று ஒட்டி, பாதரசம் கலந்த வெள்ளையாக்கும் கிரீமை விற்கிறவர். லயத்தில் இருந்து வரும் பெண்ணிடம் இதில் எதுவும் இல்லை. அவள் கட்டியில் ஒட்ட ஒரு வரி, "இன்ன பட்டியல்படி இன்ன நிறம் இட்டது" என்ற ஒரே வரி, அவளுக்கு ஆய்வுகூடமும் விளம்பரமும் சேர்ந்து செய்யும் வேலையைச் செய்யும். சட்டத்தில் பட்டியலே இல்லாத நாட்டில் அந்த வரியை அவள் எப்படி எழுதுவாள்?

சட்டம் எட்டாத இடத்தில் வாழ்வது சுதந்திரம் என்று யாராவது மலையகத்தில் வந்து சொன்னால் சிரிப்புத்தான் வரும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவால், தோட்டத்துக்குள் ஒரு பாதை போடக்கூடப் பிரதேச சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாமல் இருந்தது. 2018-இல் அதைத் திருத்தும் வரை, வாக்குப் போட்ட சனங்களுக்கே சபை அந்நியமாக இருந்தது. விதிக்கு வெளியே நிறுத்தியபோது நாம் பட்டது போதாதா? இப்போது நம் பெண்கள் கையால் செய்யும் பண்டத்தையும் அதே வெளியில் நிறுத்தி, அதற்கு "ஊக்குவிப்பு" என்று பெயர் வைக்கிறார்கள்.

வெளிநாட்டு விதிகளே ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவே என்று கெட்டிக்காரர் சிலர் மடக்குவார்கள். உண்மை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுசாதன நிறப் பட்டியலில் குர்குமின் இருக்கிறது. அமெரிக்காவில் மஞ்சளை உணவில் சேர்க்கலாம், அழகுசாதன நிறமாக அதற்கு அனுமதி இல்லை. மருதோன்றிக்கு அங்கே தலைமுடி மட்டும்தான், கைக்கு இடமில்லை. ஆனால் இதில் இருந்து விதிகள் பொய் என்ற முடிவுக்கு வர முடியாது. அமெரிக்கப் பட்டியலில் ஒரு நிறம் ஏற, அதற்காக ஒருவர் ஆதாரங்களோடு விண்ணப்பிக்க வேண்டும். முகத்துக்கு இடும் மஞ்சளுக்காக வாதாடி அனுமதி பெற்றவர் அங்கே எவரும் இல்லை. பட்டியலில் இல்லை என்பதால் மஞ்சள் நஞ்சாகிவிடாது. நமது மஞ்சளுக்கும் மருதோன்றிக்கும் தேயிலைச் சாயத்துக்கும் வேறு நாட்டார் வந்து வாதாடப்போவதில்லை என்பதே இதில் நமக்குள்ள பாடம். 1925-இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது. தேயிலைச் சாயத்தின் இரசாயனம் தெரிந்தவர்கள் ஹட்டனில் இருந்து பஸ் ஏறிப்போகும் தூரத்தில் இருக்கும்போது, நமது பட்டியலை நாமே எழுத என்ன தடை?

சின்னவர்களைக் கொல்லாத விதிக்கு முன்மாதிரியும் உண்டு. அமெரிக்கா 2022-இல் அழகுசாதனச் சட்டத்தை இறுக்கியபோது, ஆண்டு விற்பனை பத்து இலட்சம் டொலருக்குக் குறைந்த சிறு தயாரிப்பாளர் பலருக்குப் பதிவில் இருந்து விலக்குக் கொடுத்தது. நிற விதியில் சிறு தயாரிப்பாளருக்கும் விலக்கில்லை. அங்கே எண்ணெயும் காரமும் சேர்ந்த வெறும் சவர்க்காரத்தைச் சவர்க்காரம் என்று மட்டும் சொல்லி விற்றால் அழகுசாதன விதி அதன்மேல் பாயாது. "வெள்ளையாக்கும்", "பருவைப் போக்கும்" என்று எழுதினால்தான் விதியும் ஏறும். ஐரோப்பியப் பட்டியலும் எல்லா நிறத்தையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. சில நிறங்கள் கழுவிவிடும் பண்டத்துக்கு மட்டும், சில கண்ணுக்குக் கிட்டே ஆகாது என்று பிரித்திருக்கிறது.

நமக்கு வேண்டியதும் இப்படியொரு சிறிய விதிதான். ஒரு பக்கத்தில் அடங்கும் தாவர நிறப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே சவர்க்காரம், தோலில் தங்கும் பூச்சு, உதடு, கண், சிறு பிள்ளை என்று ஆகும், ஆகாது குறிப்பு. தூளாக வாங்கினால் எந்தக் கடையில், எந்தத் திகதியில் என்று ஒரு கொப்பியில் எழுதிவைப்பது. ஊற்றிய திகதியும் இட்ட நிறமும் தமிழிலும் சிங்களத்திலும் லேபிளில் வருவது. அனுமதித்த செயற்கை நிறத்தை இட்டால் அதை மறைக்காமல் எழுதுவது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கோஸ்டிக் சோடா மிஞ்சிய கட்டி எந்த நிறத்தைவிடவும் தோலை அதிகம் எரிக்கும் என்பதால் அந்தச் சோதனையும் இதே தாளில் சேர வேண்டும். ஈயச் சோதனைக்கு ஒவ்வொரு பெண்ணும் கொழும்புக்கு அலையக் கூடாது. பிரதேச செயலக மட்டத்தில் உள்ள விதாதா நிலையங்கள் பல குழுக்களின் மாதிரிகளைச் சேர்த்துக் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகத்துக்கு அனுப்பட்டும், செலவை அரசு ஏற்கட்டும். மஞ்சள் இறக்குமதியை ஒரு வர்த்தமானியில் நிறுத்தத் தெரிந்த அரசுக்கு, மஞ்சளைச் சோதிக்கவும் ஒரு வர்த்தமானி எழுதத் தெரியும்.

இந்த விதி நாளைக்கே வந்தாலும் தவறு நடக்கும். எங்கோ ஒரு குழந்தைக்குத் தோல் தடிக்கும், யாரோ ஒருவருக்கு முகம் வீங்கும். அந்த நாளில் என்ன நடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். விதி இருந்தால் லேபிளில் உள்ள திகதியைப் பார்த்து, கொப்பியைப் புரட்டி, இன்ன கடையின் இன்ன தூள் என்று பிடித்து, அந்தக் கட்டிகளை மட்டும் திருப்பி எடுக்கலாம். பழி தூள் விற்றவர் தலையில் போய் நிற்கும். விதி இல்லாவிட்டால் "தோட்டத்துப் பொம்பளைங்க செஞ்ச சோப்பு" என்று ஒரே பேச்சில் எல்லாப் பெண்களின் தொழிலும் முடியும். செடிதானே, சட்டம் எதற்கு என்று மேடையில் பேசியவர்களில் ஒருவரும் அன்றைக்கு அவர்கள் பக்கத்தில் வந்து நிற்கமாட்டார்.